ஹுடாக்: தீர்ப்பை நாமே திறந்து வாசிக்கும் இடம்

சென்ற மாதம் என் மனைவியின் தங்கை மகன் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். அவனுடைய புகலிடக் கோரிக்கையைப் பிரித்தானிய உள்துறை அமைச்சு நிராகரித்திருந்தது. மேன்முறையீட்டுக்கு உதவி கேட்டு ஓர் ஆலோசனை நிலையத்துக்குப் போயிருந்தான்; அவர்கள் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கக் கடிதம் அது. நிலையத்தின் பெயர் இங்கே வேண்டாம். கடிதத்தின் நடுவே தடித்த எழுத்தில் ஒரு வரி இருந்தது. 2008ஆம் ஆண்டு ஸ்ட்ராஸ்பேர்க்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் என்.ஏ. என்பவரின் வழக்கில், இலங்கைத் தமிழர் எவரையும் பிரித்தானியா திருப்பி அனுப்பக் கூடாது என்று தீர்ப்பளித்துவிட்டதாம்.

"பெரியப்பா, அவ்வளவு பெரிய நீதிமன்றமே சொல்லிவிட்டது. பிறகு நான் எதற்குப் பயப்பட வேண்டும்?" என்று கேட்டான்.

அதே வாரம் தொலைக்காட்சி விவாதம் ஒன்றில் ஓர் அரசியல்வாதி, அந்த ஸ்ட்ராஸ்பேர்க் நீதிமன்றம் எவரையும் திருப்பி அனுப்ப விடுவதில்லை என்று மேசையைத் தட்டிப் பேசினார். என் மகன் முறையானவன் ஆசையோடு நம்பியதும் அந்த மனிதர் ஆத்திரத்தோடு சொன்னதும் ஒரே கதைதான். அந்தக் கதை உண்மையில்லை. இதைத் துணிந்து சொல்வதற்கு எனக்கிருக்கும் தகுதி ஒன்றுதான்: தீர்ப்பை வாசித்திருக்கிறேன். அதை வாசிக்கத் தரும் இணையச் சேவையைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன். அதன் பெயர் ஹுடாக்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் புகலிட நேர்காணல்களிலும் தீர்ப்பாயங்களிலும் தமிழ் மொழிபெயர்ப்பாளனாக வேலை பார்த்து, இப்போது ஓய்வில் இருக்கிறேன். அந்த அறைகளில் நான் கேட்ட கதைகளில் ஒன்றைக்கூட வெளியே சொன்னதில்லை. இங்கேயும் சொல்ல மாட்டேன். அவை என்னிடம் ஒப்படைக்கப்பட்டவை. நீதிமன்றமே பகிரங்கமாக்கிய தீர்ப்புகள் வேறு. அவற்றைப் பற்றி எவரும் பேசலாம். ஆனால் பேசுகிறவர்களில் எத்தனை பேர் அவற்றைத் திறந்து பார்த்திருக்கிறார்கள் என்று கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது.

ஹுடாக் என்பது ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் தரவுத்தளம். அந்த நீதிமன்றம் 1959 முதல் இருந்துவருகிறது. அதன் தீர்ப்புகள், மனுக்களை ஏற்பதா மறுப்பதா என்ற முடிவுகள், முன்பிருந்த ஆணைக்குழுவின் பழைய அறிக்கைகள் எல்லாம் அங்கே கிடைக்கின்றன. பணம் கட்ட வேண்டியதில்லை, கணக்குத் திறக்க வேண்டியதில்லை, மின்னஞ்சல் முகவரிகூடக் கேட்க மாட்டார்கள். பெயரையோ வழக்கு எண்ணையோ தட்டினால் தீர்ப்பு முழுமையாக வந்து நிற்கும். கோப்பாக இறக்கி அச்சடித்தும் வைத்துக்கொள்ளலாம். சட்டப் புத்தகம் ஒன்றின் விலை தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ஆனால் இது சட்டம் படித்தவர்களை மனத்தில் வைத்துக் கட்டப்பட்ட இடம் என்பதையும் சொல்ல வேண்டும். முதன்முறை நுழைகிறவர் திகைப்பார். பக்கத்தின் ஓரத்தில் வடிகட்டிகள் வரிசையாக நிற்கும்: மொழி, எதிர்த்தரப்பு நாடு, உறுப்புரை (அந்த நீதிமன்றம் காக்கும் ஐரோப்பிய மனித உரிமைகள் உடன்படிக்கையின் பிரிவு), திகதி, வழக்கின் முக்கியத்துவம் என்று. நான் எல்லோருக்கும் காட்டிக் கொடுக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. "மீறல்" என்றும் "மீறல் இல்லை" என்றும் தனித்தனியாகத் தேட வழி இருக்கிறது. "மீறல் இல்லை" என்பதில் உறுப்புரை 3ஐத் தெரிவு செய்து, நாடு ஐக்கிய இராச்சியம் என்று குறித்துப் பாருங்கள். அரசு வென்ற வழக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அந்த நீதிமன்றம் அரசுகளை எப்போதும் தோற்கடிக்கிறது என்று சொல்கிறவரின் முன்னால் கணினியை வைத்து, இந்தப் பட்டியலைத் திறந்து காட்டினால் போதும். நான் ஒருமுறை காட்டியிருக்கிறேன். என் பழைய அயலவர், நல்ல மனிதர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அதன் பிறகு அவர் கேட்ட கேள்விகள் வேறு தரத்தில் இருந்தன.

உறுப்புரை 3 என்பது ஒரே ஒரு வாக்கியம். எவரும் சித்திரவதைக்கோ, மனிதத் தன்மையற்ற அல்லது இழிவுபடுத்தும் நடத்தைக்கோ தண்டனைக்கோ உட்படுத்தப்படலாகாது. அவ்வளவுதான். புகலிடம் பெறும் உரிமை அந்த உடன்படிக்கையின் உறுப்புரை 3இல் மட்டுமல்ல, எந்த உறுப்புரையிலும் எழுதப்படவில்லை. அகதிகளைப் பாதுகாப்பது 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையின் வேலை. சித்திரவதை நடக்கும் இடத்துக்கு ஒருவரை அனுப்பிவைப்பதும் சித்திரவதையில் பங்கெடுப்பதுதான் என்று நீதிமன்றம் விளக்கம் சொன்ன பிறகே உறுப்புரை 3 நாடு கடத்தல் வழக்குகளுக்குள் வந்தது. 1989இல் சோரிங் வழக்கில் அது தொடங்கியது. அந்த வழக்கில் புகலிடமே இல்லை; ஒரு ஜெர்மானியரை மரண தண்டனை வழக்குக்காக அமெரிக்காவுக்கு ஒப்படைப்பதா என்பதுதான் கேள்வி.

இனி வில்வராஜா வழக்குக்கு வருகிறேன். ஹுடாக்கில் நான் முதன்முதலாகத் திறந்த தீர்ப்பு இதுதான். தலைப்பில் ஒரு தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

1987இல் பிரித்தானியாவுக்கு வந்து புகலிடம் கேட்ட ஐந்து தமிழ் இளைஞர்களின் வழக்கு. கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. அன்று நாட்டின் அதியுயர் நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போனார்கள், அங்கும் தோற்றார்கள். 1988 பெப்ரவரியில் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அன்றைய சட்டப்படி அவர்கள் நாட்டை விட்டுப் போன பிறகுதான் மேன்முறையீடே செய்யலாம். ஆபத்து இருக்கிறது என்று சொல்கிறவரை அந்த ஆபத்துக்குள் அனுப்பிவிட்டு, அங்கிருந்து மனுப் போடச் சொல்வது. அப்படித்தான் போட்டார்கள். 1989 மார்ச்சில் பிரித்தானியாவின் மேன்முறையீட்டு அலுவலர் ஒருவர், இவர்களுடைய அச்சம் நியாயமானது, இவர்களைத் திருப்பி அழைக்க வேண்டும் என்று முடிவு செய்தார். அவர்கள் திரும்பி வரவும் அனுமதிக்கப்பட்டார்கள்.

ஸ்ட்ராஸ்பேர்க் தீர்ப்பு வந்தது 1991 ஒக்டோபர் 30. உறுப்புரை 3 மீறப்படவில்லை என்று எட்டு நீதிபதிகள் சொன்னார்கள், ஒருவர் மட்டும் மறுத்தார். அதாவது, இவர்கள் திருப்பி அழைக்கப்பட வேண்டும் என்று சொன்னவர் ஒரு பிரித்தானிய அலுவலர். அரசு செய்தது மீறல் அல்ல என்று சொன்னது ஸ்ட்ராஸ்பேர்க். இன்று செய்தித்தாள்களில் "அந்நிய நீதிபதிகள்" என்று எழுதுகிறவர்கள் இந்த ஒரு வழக்கையாவது வாசித்திருந்தால் அந்தச் சொல்லை எழுதக் கை கூசும்.

111ஆம் பந்திக்குப் போங்கள். நாட்டு நிலைமை குலைந்திருந்தது என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. இந்த ஐவரின் நிலைமை மற்றத் தமிழ் இளைஞர்களின் நிலைமையை விட மோசமாக இருந்ததாகத் தெரியவில்லை என்கிறது. பிடிபடலாம், துன்புறுத்தப்படலாம் என்ற "வெறும் சாத்தியம்" போதாது என்கிறது. அடுத்த பந்திதான் என்னை உலுக்கியது. திருப்பி அனுப்பப்பட்டவர்களில் மூவர், அங்கே போன பிறகு தாங்கள் உண்மையிலேயே துன்புறுத்தப்பட்டதாகச் சொன்னார்கள். அது எப்படியிருந்தாலும், அப்படி நடக்கும் என்று அமைச்சர் முன்கூட்டியே அறியக்கூடிய தனி அடையாளம் எதுவும் அவர்களுடைய வழக்கில் இருக்கவில்லை என்று எழுதிவிட்டு நீதிமன்றம் நகர்ந்துவிடுகிறது.

அந்தப் பந்தியை நான் எத்தனை தடவை வாசித்தேன் என்று தெரியாது. மொழிபெயர்ப்பாளன் என்பதால் என் மனம் சொற்களில் போய்ச் சிக்கும். "வெறும் சாத்தியம்" என்று தமிழில் எழுதினால் அது ஏதோ தூரத்துச் சங்கதிபோல ஒலிக்கிறது. அந்த மூவருக்கும் அது தூரத்துச் சங்கதியாக இருந்திருக்காது. சட்டம் கேட்பது "உண்மையான ஆபத்து". இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் கிடக்கும் இடைவெளியில்தான் புகலிட வழக்குகள் எல்லாம் வெல்கின்றன, தோற்கின்றன. அந்த இடைவெளியைத் தாண்டுவதற்குத் தேவைப்படுவது தனிமனிதரின் கதை. எந்த நாளில், எந்த முகாமில், யார் கையெழுத்து, உடம்பில் எந்த இடத்தில் தழும்பு என்ற விவரங்கள். இனத்தின் துயரம் பின்னணி மட்டும். இது எனக்குப் பிடிக்காத சட்டம், ஆனாலும் சட்டம் இதுதான். நம்மவர்கள் இதை விளங்கிக்கொள்ளாமல் நேர்காணலுக்குப் போவதை ஆண்டுக்கணக்காகப் பார்த்திருக்கிறேன்.

என்.ஏ. வழக்குத் தீர்ப்பு வந்தது 2008 ஜூலை 17. 1991இல் ஒருவரின் பெயர் தலைப்பிலேயே இருந்தது. இங்கே வெறும் இரண்டு எழுத்துகள். ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு ஆபத்து வரலாம் என்பதற்காக இப்படிப் பெயரை மறைக்க நீதிமன்றம் அனுமதிக்கிறது. வில்வராஜா என்று வாசித்த கண்ணுக்கு இந்த இரண்டு எழுத்தும் சற்று வெறுமையாகத்தான் தெரிந்தன. ஆனால் உள்ளே போனால் ஆள் முழுதாக இருக்கிறார்.

1999இல் களவாகப் பிரித்தானியாவுக்குள் வந்தவர். 1990க்கும் 1997க்கும் இடையில் இலங்கை இராணுவம் அவரை ஆறு தடவை கைது செய்தது. ஆறு தடவையும் குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல் விடுதலை செய்தது. தடியால் அடித்த தழும்புகள் கால்களில் இருந்தன. கடைசித் தடவை புகைப்படம் எடுத்தார்கள், கைரேகை எடுத்தார்கள். மகனை வெளியே எடுப்பதற்காகத் தகப்பன் சில காகிதங்களில் கையெழுத்திட்டார். இவையெல்லாம் தீர்ப்பின் தொடக்கத்தில் நான்கைந்து வரிகளில், எந்த உணர்ச்சியும் காட்டாத மொழியில் சொல்லப்பட்டிருக்கின்றன. அந்தக் கையெழுத்தைப் பற்றி வாசித்தபோது நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

நீதிமன்றம் ஒருமனதாக அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அதில் ஐயமில்லை. ஆனால் எப்படித் தீர்ப்பளித்தது என்பதுதான் என் மகனுடைய கடிதத்தில் தலைகீழாகிப் போனது. இலங்கைக்குத் திரும்பும் தமிழர் அனைவருக்கும் பொதுவான ஆபத்து இருப்பதாக நீதிமன்றம் ஏற்கவில்லை. அதைத் தெளிவாக எழுதியும் வைத்திருக்கிறது. அதன் பிறகு, பிரித்தானியத் தீர்ப்பாயம் 2007இல் தொகுத்த அபாயக் காரணிகளை எடுத்துக்கொண்டு இந்த மனிதர் மீது பொருத்திப் பார்க்கிறது: முந்தைய கைதுப் பதிவு, தழும்பு, கையெழுத்திட்ட பத்திரம், இலண்டனிலிருந்து திரும்புவது, வெளிநாட்டில் புகலிடம் கேட்டது போன்றவை. ஒவ்வொன்றும் தனியே போதாமல் இருக்கலாம், ஆனால் சேர்த்துப் பார்த்தால் உண்மையான ஆபத்தாகலாம் என்கிறது. கொழும்பு விமான நிலையத்தில் இந்தப் பதிவுகள் கணினியில் வந்து நின்றால் என்ன நடக்கும் என்று யோசிக்கிறது. அது போர் நடந்துகொண்டிருந்த காலம். தீர்ப்பு எழுதப்பட்ட வேளையில், பிரித்தானியாவிலிருந்து அனுப்பப்படவிருந்த 342 தமிழர்களை அனுப்பாமல் நிறுத்திவைக்கும்படி நீதிமன்றம் இடைக்கால நடவடிக்கை எடுத்திருந்தது. அந்த எண்ணும் தீர்ப்புக்குள்ளேயே இருக்கிறது.

மகனைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு பந்தியாக வாசித்துத் தமிழில் சொன்னேன். மூன்று மணி நேரம் ஆனது. தமிழர் அனைவருக்கும் பொதுவான ஆபத்து இல்லை என்ற இடம் வந்தபோது அவன் முகம் வாடிப்போனது. சொல்லாமல் விட்டிருக்கலாமே என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் காரணிகளுக்கு வந்தபோது அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "பெரியப்பா, அப்பாவும் ஒரு தடவை முகாமில் கையெழுத்துப் போட்டவர். நான் அதை நேர்காணலில் சொல்லவில்லை. அவர்கள் கேட்கவும் இல்லை" என்றான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அது முக்கியம் என்று தனக்குத் தெரியாது என்றான்.

இதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மற்றத் தமிழ் வழக்குகளையும் அவனுக்குக் காட்டினேன். 2011 ஜனவரி 20 அன்று டென்மார்க்குக்கு எதிரான ஒரு தொகுதித் தமிழ் வழக்குகளில் மனுதாரர்கள் தோற்றார்கள், போர் முடிந்திருந்தது. 2013இல் பிரான்சுக்கு எதிரான ஆர்.ஜே. வழக்கில் ஒரு தமிழர் வென்றார். புதிய தீக்காயங்களைக் காட்டிய மருத்துவச் சான்றிதழ் அவரிடம் இருந்தது, அந்தக் காயங்கள் எப்படி வந்தன என்று பிரெஞ்சு அதிகாரிகள் முறையாக ஆராயவில்லை. 2017இல் சுவிட்சர்லாந்துக்கு எதிரான வழக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல என்னால் முடியவில்லை. அந்த மனிதரை 2013 ஓகஸ்ட்டில் மனைவி பிள்ளைகளோடு திருப்பி அனுப்பினார்கள். போய் இறங்கியதும் அவர் சிறைக்குள் போனார். தாங்கள் ஆராய வேண்டியபடி ஆராயவில்லை என்று சுவிஸ் அரசே ஒப்புக்கொண்டது. ஓர் அரசு அப்படி ஒப்புக்கொள்வதை எழுத்தில் பார்ப்பது அபூர்வம்.

இனி, இந்தச் சேவை எதற்கு உதவாது என்பதைச் சொல்கிறேன். இதை அறியாமல் போனால் ஏமாந்துவிடுவீர்கள்.

ஹுடாக்கில் ஸ்ட்ராஸ்பேர்க் தீர்ப்புகள் மட்டுமே உண்டு. பிரித்தானியத் தீர்ப்பாயங்களின் முடிவுகள் அங்கே இல்லை. இன்று ஓர் இலங்கைத் தமிழரின் கோரிக்கையை இங்கே தீர்மானிக்கும்போது தீர்ப்பாயம் முதலில் கையில் எடுப்பது இலங்கை நிலைமை பற்றித் தான் கொடுத்த வழிகாட்டித் தீர்ப்புகளை: 2013இல் வந்த ஜி.ஜே. தீர்ப்பு, 2021இல் வந்த கே.கே., ஆர்.எஸ். தீர்ப்பு. புலம்பெயர்ந்த மண்ணில் ஒருவர் செய்யும் அரசியல் வேலைகளை இலங்கை அரசு எப்படிப் பார்க்கும் என்பதை விரிவாக ஆராய்வது அந்த 2021 தீர்ப்பு. இவை இரண்டும் பிரித்தானியத் தீர்ப்பாயத்தின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2008ஆம் ஆண்டுப் போர்க்காலத் தீர்ப்பைத் தடித்த எழுத்தில் போட்டு, இவற்றை ஒரு வரியில்கூடக் குறிப்பிடாத கடிதத்துக்கு ஒரு பையன் பணம் கொடுத்திருக்கிறான் என்பதை நினைத்தால் எனக்கு இரவில் தூக்கம் வருவதில்லை.

மொழியும் ஒரு தடை. நீதிமன்றத்தின் அலுவல் மொழிகள் ஆங்கிலமும் பிரெஞ்சும். சில தீர்ப்புகள் வேறு மொழிகளிலும் பெயர்க்கப்பட்டிருக்கின்றன, ஆனால் நான் சொன்ன வழக்குகளை ஒன்றைத் தவிர எல்லாம் ஆங்கிலத்தில்தான் வாசித்தேன். ஆர்.ஜே. வழக்குத் தீர்ப்பு பிரெஞ்சில் எழுதப்பட்டது; பிரான்சில் இருக்கும் ஒரு நண்பர் தொலைபேசியில் வாசித்துச் சொன்னார். நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு. அவர்களை உட்கார வையுங்கள். தீர்ப்பு எப்போதும் ஒரே ஒழுங்கில் போகும்: நடந்தவை, உள்நாட்டுச் சட்டம், நீதிமன்றத்தின் மதிப்பீடு, கடைசியில் முடிவும் வாக்கு எண்ணிக்கையும். பந்திகளுக்கு எண் இருப்பதால் தொலையாமல் போகலாம். மறுத்த நீதிபதிகள் இருந்தால் முடிவுக்குக் கீழே அவர்களுடைய கருத்தும் இருக்கும், அதையும் வாசியுங்கள். பல தடவை என் மனம் அந்தப் பக்கம்தான் நின்றிருக்கிறது.

தீர்ப்புக்குப் பிறகு அரசு என்ன செய்தது என்று அறிய ஹுடாக்-எக்ஸெக் என்று தனிப் பிரிவு உண்டு. ஐரோப்பியப் பேரவையின் அமைச்சர் குழு அதைக் கண்காணிக்கிறது.

இந்தப் பேரவையையும் ஐரோப்பிய ஒன்றியத்தையும் ஒன்றென்று எண்ணுகிறவர்கள் நம்மிடையே ஏராளம். பிரெக்ஸிட்டோடு மனித உரிமை நீதிமன்றமும் போய்விட்டது என்று ஒரு பொதுக்கூட்டத்தில் படித்த மனிதர் ஒருவர் ஒலிவாங்கியில் சொல்லக் கேட்டேன். போகவில்லை. அந்த நீதிமன்றம் பேரவையைச் சேர்ந்தது, ஒன்றியத்தைச் சேர்ந்ததல்ல. பேரவை 1949இல் உருவானது, இப்போது 46 நாடுகள் அதில் இருக்கின்றன. மனித உரிமைகள் உடன்படிக்கையை முதன்முதலில், 1951 மார்ச்சில், உறுதிப்படுத்திய நாடே பிரித்தானியாதான்.

பொது விவாதம் எவ்வளவு தூரம் காகிதத்தை விட்டு விலகிப் போகிறது என்பதற்கு எல்லோரும் சொல்லும் பூனைக் கதையை எடுத்துக்கொள்வேன். 2011 ஒக்டோபரில் கட்சி மாநாட்டில் அன்றைய உள்துறை அமைச்சர் தெரேசா மே, பூனை வளர்க்கிறார் என்பதற்காக ஒருவரை நாடு கடத்த முடியவில்லை என்று பேசினார். அந்த முடிவுக்கும் பூனைக்கும் தொடர்பில்லை என்று நீதித்துறை அலுவலகம் விளக்கம் கொடுத்தது. அமைச்சு தன்னுடைய சொந்தக் கொள்கையைப் பின்பற்றாததுதான் அங்கே பிரச்சினை. அது உறுப்புரை 8, குடும்ப வாழ்க்கை பற்றியது. புகலிட வழக்கும் அல்ல, ஸ்ட்ராஸ்பேர்க் வழக்கும் அல்ல. விளக்கம் வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் பூனைதான் மக்கள் நினைவில் இருக்கிறது. வில்வராஜாவை எவருக்கும் தெரியாது.

ருவாண்டா விமானமும் அப்படித்தான். புகலிடம் கேட்டவர்களை ருவாண்டாவுக்கு அனுப்பும் பிரித்தானிய அரசின் திட்டத்தில் முதல் விமானம் 2022 ஜூன் 14 இரவு பறக்காமல் நின்றபோது, ஸ்ட்ராஸ்பேர்க் திட்டத்தையே தடை செய்துவிட்டது என்று நம் வானொலிகள்கூட அறிவித்தன. நீதிமன்றத்தின் செய்திக்குறிப்பு சிறியதுதான். ஓர் ஈராக்கியரை, பிரித்தானிய நீதிமன்றங்களின் இறுதி முடிவு வந்து மூன்று வாரம் ஆகும்வரை அனுப்ப வேண்டாம் என்றது. உங்கள் சொந்த நீதிமன்றம் முடிவெடுக்கட்டும், அதுவரை பொறுங்கள் என்பதுதான் அதன் பொருள். சொந்த நீதிமன்றமும் முடிவெடுத்தது: 2023 நவம்பர் 15 அன்று பிரித்தானிய உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் திட்டம் சட்டவிரோதம் என்றார்கள். ஆபத்துக்குத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கடமை ஐரோப்பிய உடன்படிக்கையில் மட்டுமல்லாமல் அகதிகள் உடன்படிக்கையிலும் பிரித்தானியாவின் சொந்தச் சட்டங்களிலும் இருக்கிறது என்று அவர்கள் எழுதினார்கள். எனவே ஐரோப்பிய உடன்படிக்கையை விட்டு வெளியேறினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்கிறவர்கள் அந்தத் தீர்ப்பையும் வாசிக்கவில்லை.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2025 மே மாதம் இத்தாலியும் டென்மார்க்கும் முன்னின்று, ஒன்பது நாடுகள் உடன்படிக்கையின் விளக்கம் அளவுக்கு மீறிப் போய்விட்டது என்று கடிதம் எழுதின. அதே ஆண்டு ஒக்டோபரில் பிரித்தானியாவின் கன்சர்வேட்டிவ் கட்சி, ஆட்சிக்கு வந்தால் உடன்படிக்கையை விட்டு விலகுவோம் என்று அறிவித்தது. இவர்கள் எல்லோரையும் இனவாதிகள் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வராது. குற்றம் செய்த ஒருவர் உறுப்புரை 8ஐக் காட்டி நாட்டில் தங்குவது சரியா என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. பேச வேண்டிய கேள்விதான். ஆனால் உறுப்புரை 3 வேறு. 1996இல் சாஹல் வழக்கில், ஒருவர் எவ்வளவு ஆபத்தானவராக இருந்தாலும் அவரைச் சித்திரவதைக்கு அனுப்பக் கூடாது, இதில் பேரமே இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. பன்னிரண்டுக்கு ஏழு என்று பிரிந்து, கடுமையாக விவாதித்துத்தான் அந்த முடிவுக்கு வந்தார்கள். அந்த ஒரு வாக்கியத்தில் ஓட்டை போட எவர் வந்தாலும் நான் எதிர்ப்பேன். நான் கேட்ட குரல்கள் என்னை அதற்கு மேல் யோசிக்க விடா.

தன் வழக்கைத் தானே நடத்தலாம் என்று இதை வாசிக்கும் எவரும் எண்ண வேண்டாம். தீர்ப்பு வாசிக்கத் தெரிவது வேறு, வாதாடத் தெரிவது வேறு. பிரித்தானியாவில் வழக்கறிஞர் அல்லாதவர் குடிவரவு ஆலோசனையைத் தொழிலாகவோ சேவையாகவோ நடத்துவதற்குப் பதிவு வேண்டும். பதிவில்லாமல் நடத்துவது குற்றம். நான் மகனுக்கு ஆலோசனை சொல்லவில்லை, வாசித்துக் காட்டினேன். அப்படி ஆலோசனை தருகிறவர் பதிவு பெற்றவர்தானா என்பதை அரசின் குடிவரவு ஆலோசனை ஆணையத்தின் பட்டியலில் எவரும் பார்க்கலாம். போவதற்கு முன் பாருங்கள்.

கைபேசியில் வாசிக்க முயலாதீர்கள், நீண்ட பந்திகளில் கண் வலிக்கும். கணினியில் திறந்து, வேண்டிய பக்கங்களை மட்டும் அச்சடித்து, பென்சிலால் கோடிட்டு வாசிப்பது என் வழக்கம். ஐந்துக்கு எத்தனை புள்ளி என்று கேட்டால் ஐந்தும் கொடுப்பேன். இதைக் கட்டிக்காப்பவர்களுக்கு என் நன்றி.

மகன் அந்த அச்சுப் பக்கங்களோடு ஆலோசனை நிலையத்துக்குத் திரும்பப் போனான். தமிழர் அனைவருக்கும் பொதுவான ஆபத்து இல்லை என்ற பந்தியைச் சுற்றி நான் பென்சிலால் வட்டம் போட்டிருந்தேன். அங்கே இருந்தவர் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, கடிதத்தை வாங்கித் தடித்த எழுத்தில் இருந்த வரியை வெட்டினாராம். தகப்பனின் கையெழுத்தைப் பற்றி ஒரு தனி வாக்குமூலம் எழுத வேண்டும், 2021 தீர்ப்பையும் பார்க்க வேண்டும், செவ்வாய்க்கிழமை வா என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை நானும் கூடப் போகிறேன்.